நிழலில் விரித்த பச்சை

பச்சையப்பன் விரிப்பின் கடைசி ஓரத்தைக் காலால் நீவிவிட்டு, பசை காய்ந்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார்.

ஹார்ஸ்லி மலையில் எதுவும் சீக்கிரம் காய்ந்துவிடாது. எங்கள் வீட்டின் பின்புறம் இன்னும் மோசம். யூகலிப்டஸ் மரங்கள் வெயிலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு முறை அங்கே புல் வைத்தோம். இரண்டு முறையும் பாசிதான் பிழைத்தது.

அதனால்தான் இந்தச் செயற்கைப் புல்.

என் கணவர் ஹரிபாபுவுக்கு பெங்களூரு கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து கோல்ஃப் பைத்தியம். வாரக் கடைசியில் இங்கே வந்தால் பந்தை உருட்டிக் குழியில் தள்ளிப் பழக ஒரு சின்ன இடம் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேணிகுண்டாவிலிருந்து பச்சையப்பனை வரவழைத்தோம். அவர் வேர்களை வெட்டி, ஈர மண்ணை வாரி எடுத்து, ஜல்லியும் கல்தூளும் கொட்டி இடித்து, அதன் மேல் கம்பளம் மாதிரிப் பச்சையை விரித்தார். ஒரு மூலையில் குழி வெட்டி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் பதித்தார்.

“ஒரு தபா அடிச்சுப் பாருங்க மேடம். மேடு பள்ளம் இருந்தா இப்பவே சரி பண்ணிட்டுப் பூடறேன்,” என்றார்.

ஹரி வந்து சேர இருட்டிவிடும். அதனால் மட்டையை நான்தான் கையில் எடுத்தேன். முதல் பந்து குழியைத் தாண்டி ஓடி மரத்தடியில் போய் முட்டியது. அடுத்தது பாதி வழியிலேயே நின்றது.

பின்வாசல் படியில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் ராமகுப்பத்தில் வெறுமனே கங்கம்மா என்றால் அம்மாவை யாருக்கும் தெரியாது. குவைத்து கங்கம்மா என்றால் வீட்டைக் காட்டுவார்கள். அப்பா இறந்த பிறகு, நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே, என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு விமானம் ஏறியவள். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் அப்படிப் போனார்கள். அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நான் பத்தாவது முடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் வரும். “துன்னியா?” என்பாள். துன்னேன் என்பேன். அங்க இன்னா வேலம்மா என்று கேட்டால், “வூட்டு வேலதான்,” என்பாள். அதற்குள் லைன் போய்விடும்.

ஊருக்கு யாராவது வந்தால் பார்சல் கொடுத்து அனுப்புவாள். சோப்பு, சாக்லெட், ஜரிகை வைத்த கவுன். கவுன் எப்போதும் எனக்குச் சின்னதாக இருக்கும்.

திரும்பி வந்த பிறகும் அவள் அந்த வீட்டைப் பற்றி வாய் திறந்ததில்லை. அங்கே ஒரு குழந்தை இருந்தது என்பது மட்டும் தெரியும். அதன் பெயரை நான் கேட்டதில்லை. கேட்கப் பிடிக்கவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். விளிம்பில் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலைப் பச்சையின் மேல் வைத்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள்.

“இங்க குடு.”

பந்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழியைப் பார்த்தாள். தரையை உள்ளங்கையால் தடவினாள். எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தை மெல்லத் தட்டினாள்.

பந்து லேசாக வளைந்து போய்க் கிண்ணத்துக்குள் விழுந்தது.

அடுத்ததும் விழுந்தது. பச்சையப்பன் சிரித்துக்கொண்டே, “அப்போ தரை சரியாத்தான் கீது,” என்று சாமான்களை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

“இத எப்பம்மா கத்துக்கினே?”

அம்மா இன்னொரு பந்தைக் காலால் நகர்த்திக்கொண்டே சொன்னாள். “அந்த வூட்டுப் பின்னாலயும் இதே மாதிரி போட்டிருந்தாங்க. சுத்தி மணலு, நடுவுல மட்டும் பச்சையா இருக்கும். அந்தப் புள்ள லேசுல சோறு துன்னாது. ஒரு வாய் வாங்கினா ஒரு பந்து உருட்டணும். சாயங்காலம் ஆனா அதான் எங்களுக்கு ஆட்டம்.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதிரி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதே சாயங்காலங்களில், அத்தை வயலிலிருந்து வரும் முன்பே, நான் சோற்றைப் போட்டுத் தின்று தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன்.

உள்ளே போய்விடலாம் என்று திரும்பினேன்.

“நீ புடிக்கிறதே தப்பு. இங்க பாரு,” என்றாள்.

பார்த்தேன். அம்மா முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்துக் குனிந்திருந்தாள். மட்டையின் பிடியை விட்டுவிட்டு, நடுத்தண்டைப் பிடித்திருந்தாள். கைகள் இரண்டும் வளையம் போலத் தாழ்ந்திருந்தன. மார்புக்கும் கைகளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். அங்கே ஒரு தலை இருப்பது போல முகத்தைச் சற்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

சொல்லிக்கொடுப்பது என்றால் அவள் உடம்புக்கு அந்த ஒரு விதம்தான் தெரியும் போலிருந்தது. அந்த இடத்தில் ஒரு சின்னக் குழந்தைதான் நிற்க முடியும்.

“வா,” என்றாள், கைகளைக் கலைக்காமல்.

நான் அவளைவிட ஒரு தலை உயரம்.

மட்டையைச் சுற்றியிருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு முழங்கால் போட்டு, அந்த இடத்துக்குள் நகர்ந்து போனேன்.

அம்மா கொஞ்சம் நிமிர வேண்டியிருந்தது. என் இரண்டு கைகளையும் எடுத்துத் தண்டில் வைத்து, மேலே தன் கைகளை மூடினாள். அவள் தாடை என் உச்சந்தலையில் வந்து படிந்தது.