கூட்டமில்லாத ஓரம்

“இந்த இடத்துல எண்ணு,” என்று தலைமை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த ஸ்லைடை நகர்த்தினார். குடலிலிருந்து எடுத்த கார்சினாய்டு என்ற புற்றுநோய்க் கட்டி. நோயாளியின் பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

உதவி டாக்டருக்கு எரிச்சல் வந்தது. செல்கள் எங்கே அதிகமாகப் பிரிகின்றனவோ அங்கேதான் எண்ண வேண்டும், அதை வைத்துத்தான் கட்டி சாதுவா பொல்லாததா என்று தரம் பிரிக்க வேண்டும் என்று அவனைப் படாத பாடு படுத்தியவரே இவர்தான்.

“மேடம், இது அமைதியான ஓரம். நடுவுல செல்லெல்லாம் கன்னாபின்னான்னு பிரியுது. மூணாவது தரம். ரொம்பப் பொல்லாதது.”

“இங்க மட்டும் எண்ணிப் பாருப்பா. முதல் தரம்னு வந்துடும்.”

அவர் யாரிடமும் கெஞ்சி அவன் பார்த்ததில்லை.

“வந்துடும். ஆனா அது பொய். உங்களுக்கு வேண்டியவங்களா இருந்தாலும் மாத்திச் சொல்ல மாட்டேன், மேடம்.”

டாக்டரம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எனக்கும் மூணாவது தரம்தான் வந்தது. என் கண்ணையே நம்ப முடியலை. பேர் தெரிஞ்சா உண்மையைச் சொல்ல உனக்கு மனசு வராதுன்னுதான் மறைச்சேன். ஆனாலும் மனசு கேக்காம ஓரத்தைக் காட்டிட்டேன்,” என்று பிளாஸ்திரியை நகத்தால் உரித்தார்.

அடியில் அவருடைய பெயர் இருந்தது.