பேட்டி எடுக்க வந்தவள்

“ஏம்மா, நான் எங்க பிறந்தேன், எதுக்கு அழுதேன்னு ஒண்ணும் கேட்க மாட்டியா? பேட்டின்னா அதைத்தானே முதல்ல கேப்பாங்க?”

கேட்டவளின் குரலில் ரொட்டிக்கடையின் மூலை மேசையே அதிர்ந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் அவளைச் சைரன் என்றுதான் அழைப்பார்கள். மருத்துவமனைப் போர்வைகளை வெளுக்கும் இயந்திரங்களுக்கு நடுவே பாதி வாழ்நாளைக் கழித்தவள். வீட்டில் உப்புக் கேட்டாலும் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும். கூலியை உயர்த்தக் கோரி, அந்தக் கூடத்தை வாரக்கணக்கில் மூட வைத்தவளும் அவளே.

எதிரே அமர்ந்திருந்த இளம் நிருபர் புன்னகைத்தாள்.

“அது வேணாம்க்கா. முதல் ஆள்கிட்ட எப்படிப் பேச்சைத் தொடங்கினீங்க? அதைச் சொல்லுங்க.”

“சங்கம்கிற வார்த்தையையே எடுக்கல. ‘கை எப்படி வெந்துச்சு’ன்னு கேட்டேன். அவ கொட்டித் தீர்த்துட்டா.”

“வேலை போயிடும்னு பயம் இல்லையா?”

“இல்லாம? நிறையவே இருந்துச்சு. ஆனா பயந்தவ நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு தெரிஞ்சதும் பாதி பயம் போச்சு. மீதியை முதலாளிக்கே கொடுத்துட்டேன்.”

நிருபர் சிரிக்கவில்லை, விடாமல் எழுதினாள்.

“மேலாளர் கண்ணுல படாம எங்க கூடுவீங்க? யார் யாரையெல்லாம் கூப்பிடுவீங்க?”

சைரனின் முகம் மாறியது. ஆற்றுக்கு அக்கரையில் அதே முதலாளி நடத்தும் இன்னொரு கூடத்தில், இப்போதுதான் இரகசியமாக ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெயர் கசிந்தாலும் அத்தனை பேர் பிழைப்பிலும் மண் விழும்.

அவள் வாய் திறக்குமுன் நிருபரின் கைபேசி ஒலித்தது. “ஒரு நிமிஷம்க்கா” என்று எழுந்தவள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பேசினாள்.

பேச்சு உள்ளே கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இயந்திர இரைச்சலுக்கு நடுவே, ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே ஊர்வம்பு வளர்க்கிறவர்கள் சலவைக்கூடத்துப் பெண்கள். கண்ணாடி வழியே நிருபரின் உதட்டைப் படித்தாள் சைரன்.

‘ஆள் எப்படிச் சேர்த்தாங்கன்னு சொல்லிட்டாங்க... எங்க கூடுவாங்கன்னும் கேட்டுட்டு வந்துடறேன்... முதலாளிகிட்ட நாளைக்கு நானே நேர்ல சொல்றேன்.’

நிருபர் திரும்பி வருவதற்குள் சைரன் எழுந்து நின்றுவிட்டாள்.

“எங்க முதலாளி உனக்கு எவ்வளவு கொடுத்தான்?”

“அக்கா...?”

“அக்காவாவது தங்கச்சியாவது! உதட்டைப் படிக்கத் தெரியும்டி எனக்கு. போய்ச் சொல்லு அவன்கிட்ட. பேர் வேணும்னா என் பேரை எழுதிக்கட்டும். வேற ஒரு பேரும் இந்த வாயிலிருந்து வராது. வேலையை விட்டுத் தூக்கினா வாசல்ல உட்காருவேன். வாசலை விட்டுத் தூக்கினா தெருவுல நிப்பேன். தெரு ஒண்ணும் அவன் அப்பன் வீட்டுச் சொத்து இல்ல!”

ரொட்டி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிருபரின் கண்கள் பளபளத்தன.

“இதைத்தான்க்கா நாளைக்கு அவர்கிட்ட சொல்லணும். ஆனா எனக்கு இவ்வளவு வாய் வராது.”

“எவர்கிட்ட?”

“எங்க பத்திரிகை முதலாளிகிட்டக்கா. இனிமே பாதிச் சம்பளம்தான்னு சொல்லிட்டார். எதிர்த்துக் கேட்டவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டார். மிச்சம் இருக்கிறவங்க சேர்ந்து சங்கம் வைக்கப் போறோம், எப்படின்னுதான் தெரியல. இந்தப் பேட்டி எந்தப் பத்திரிகையிலும் வராதுக்கா. போன்ல பேசினதும் எங்க ஆள் ஒருத்திகிட்டதான். எங்களுக்காகத்தான் எடுத்தேன்.”

சைரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு நானும் வரேன்” என்றாள்.