பதினோரு பச்சை விளக்குகள்

பதினோரு தன்னாட்சிப் பிராந்தியங்கள் போராடி, ஐரோப்பியப் பேரவையில் ஒரே ஒரு நாற்காலியைப் பெற்றன. அதில் யார் உட்காருவது என்ற சண்டை தீராததால், எந்தப் பிராந்தியத்தையும் சேராத, யாழ்ப்பாணத்தில் பிறந்த நிரோஜினியை அமர்த்தினார்கள். பதினோரு பிராந்தியங்களும் சம்மதித்து, அவள் மேசையில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தால்தான் அவள் கையை உயர்த்தலாம். ஏழு ஆண்டுகளாக அது நடக்கவேயில்லை.

"இண்டைக்காவது கை தூக்குவீரோ?" என்று கணவன் பகீரதன் காலையில் சீண்டினான்.

அன்று எல்லா விளக்குகளும் எரிந்தன. ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்தவர்களுக்கு இனி வாக்குரிமை இல்லை என்பது தீர்மானம். மடியில் கிடந்த கையை அவள் மெல்லத் தூக்கினாள்.

மாலையில் சொன்னபோது பகீரதன் துள்ளினான். "கடைசியில ஒற்றுமை வந்திட்டுது! எதிலயாம்?"

"எங்களை விலத்தி வைக்கிறதில."