என் வீட்டுக்காரர் கண்ட அம்மன்

"நானே பார்த்தேன். இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று என் வீட்டுக்காரர் மறுபடியும் ஆரம்பித்தார்.

ஏரிக்கரையில் ஊரே உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓசூர் மைசூரோடு போகுமா, மெட்ராஸோடு நிற்குமா என்று சந்தைக்குச் சந்தை சட்டையைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள், என் வீட்டுக்காரர் மாதப்பன் கண்ட அம்மனுக்குக் கோயில் கட்டுவதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். சாட்சி அவர் ஒருத்தர்தான். அது போதுமாம்.

தை மாதம், விடியற்காலையில், கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கக் கிளம்பினாராம். பனியில் எதிரே வருகிற மாடு தெரியவில்லையாம். கரைமேல் அம்மன் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் சேலையில், மார்போடு குழந்தையை அணைத்தபடி தண்ணீரைப் பார்த்து நடந்தாளாம். இவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே, என் குடும்பத்தக் காப்பாத்து" என்று கதறினாராம். தலையைத் தூக்கினால் ஆளைக் காணோமாம். அந்த இடத்தில் ஒரு கல் மட்டும் கிடந்ததாம்.

அந்தக் கல்தான் இப்போது மஞ்சளும் குங்குமமும் பூசி, வேப்பிலைக்கு நடுவில் நிற்கிறது.

அன்றிலிருந்து அவர் பீடியைத் தொடுவதில்லை. கறியைத் தொடுவதில்லை. என்னை அடிப்பதை மட்டும் விடவில்லை.

இன்று காலையில்கூட ஓர் அறை விழுந்தது. வீட்டு அம்மி வெறுமனே கிடப்பது இன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டதாம். குழவியை என் அம்மா வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனாம். இத்தனை நாளாகப் பக்கத்து வீட்டு வெங்கடம்மாவிடம் குழவி வாங்கி அரைத்துக் கொட்டுகிறேன். அந்தச் சாற்றை ஊற்றிக் களியை உருட்டி விழுங்கிக்கொண்டேதான் கேட்டார்.

புளி வாங்க வந்திருந்த அதாவுல்லா பாய், "மாதப்பண்ணே, அம்மன் முகம் எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "சாமி மூஞ்சிய யாராச்சும் நேரா பார்ப்பாங்களா பாய்? கண்ணு அவிஞ்சிடும்."

ஊர் தலையாட்டியது.

பூசாரி என்னைக் கூப்பிட்டார். சாமியைக் கண்டவர் வீட்டுப் பெண்தான் முதல் குடம் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவ வேண்டுமாம். தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு, முடியைக்கூட முடியாமல் போனேன். உடம்பில் மஞ்சள் சேலை. எனக்கு நல்லதென்று இருப்பது அது ஒன்றுதான்.

தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். மஞ்சள் கரைந்து ஓடியது. கல்லின் ஒரு முனையில் சில்லு பெயர்ந்த இடம் கையில் தட்டியது.

அந்த இடம் என் உள்ளங்கைக்குத் தெரியும். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து தினமும் அதன்மேல்தான் என் கை. சுற்றி நின்ற ஆண்களில் ஒருத்தருக்கும் அது என்ன கல் என்று தெரியவில்லை. அவர்கள் என்றைக்கு அதைக் கையால் பிடித்தார்கள்?

கூட்டத்தில் வெங்கடம்மா மட்டும் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய்டி நல்லா. சோறு திங்கற இல்ல?" என்றார் என் வீட்டுக்காரர், ஊர் கேட்க.

குடத்தை வீசி எறிந்தேன்.

"அன்னிக்கு வந்தது நான்டா! நீ அடிச்ச அடி தாங்காம, நம்ம வீட்டுக் குழவிய முந்தானையில சுத்திக்கிட்டு இந்த ஏரியில விழுந்து சாவறதுக்கு வந்தேன்டா!"

கட்டினவள் புருஷனை டா போட்டு அந்த ஊர் கேட்டதில்லை.

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் நகரவில்லை. அடிக்கட்டும், அம்மன் எதிரிலேயே அடிக்கட்டும் என்று நின்றேன்.

"அம்மா வந்துட்டா!" என்று ஒரு குரல் வீறிட்டது. வெங்கடம்மாவின் குரல்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இன்னொரு கையும் மேலே போய் அதோடு சேர்ந்து கும்பிட்டது.

ஊர் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கத்தியது. யாரோ என் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றினார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அவர் பார்த்தேன் என்றால் கோயில். நான்தான் அது என்றால் வேப்பிலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் உடம்பெல்லாம் நடுங்கியது. அதையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார்.

"தாயே, என் குடும்பத்தக் காப்பாத்து."

அதே வார்த்தை. அன்றைக்கு இதைக் கேட்டுத்தான் குழவியைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி அடுப்பு மூட்டினேன். குடும்பம் என்றால் அதில் நானும் சேர்த்தி என்று நினைத்துத் தொலைத்தேன்.

"என்ன வேணும் தாயே? கேளு, செய்யறோம்" என்றார் பூசாரி.

"அவன நிமிந்து என் மூஞ்சியப் பாக்கச் சொல்லு" என்றேன்.

அவர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைச் சேற்றில் இன்னும் புதைத்துக்கொண்டார்.