வளரும் சந்தை

வெளிநாட்டு மேனேஜருக்குக் கார் ஓட்டும் நரசிம்மன் எந்தப் பேச்சையும் கம்பெனியில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். அன்று மதியச் சாப்பாட்டில் மகள் யமுனாவே ஆரம்பித்தாள்.

"ஏம்ப்பா, எத்தினியோ பணக்கார நாடு கீது. இம்மாம் பெரிய கம்பெனி நம்ம ஒரகடத்துக்கு இன்னாத்துக்கு வந்துச்சு?"

நரசிம்மனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"தொரையே சொன்னாரும்மா. பணக்காரன் வூட்ல எல்லாமே கீது, அங்க போயி இன்னாத்த விக்கிறது? இங்க இன்னிக்கி வருமானம் கம்மிதான். ஆனா வயசுப் பசங்க, நல்லா உழைப்பாங்க, நாளைக்கு மேல வந்துடுவாங்க. மத்தவன் வர்றதுக்குள்ள நாம எடம் புடிச்சிடணும்."

"அப்போ வருமானம் கம்மின்றது ஒரு குறையில்ல?"

"குறையா? அதாம்மா லாபமே."

யமுனா வாசல் பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்க, பேச்சிராஜ்."

போன மாதம் பெண் கேட்டு வந்தபோது, சம்பளம் பத்தாது என்று நரசிம்மன் விரட்டிவிட்ட கோவில்பட்டிப் பையன், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

நரசிம்மனுக்குப் புரை ஏறியது. "வேற ஊர்ல மலிவா கெடைச்சா கம்பெனிக்காரன் பொட்டியக் கட்டிக்கினு போயிடுவான், தெரியுமா?"

"தெரியும்ப்பா. அதான் போன வாரமே படப்பை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒப்பந்தம் போட்டுட்டோம். அம்மாதான் சாட்சிக் கையெழுத்து."

மனைவி ராஜம்மா இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.