நான்கு எலுமிச்சம்பழங்கள்

நாகமலை புதுக்கோட்டை வீட்டு வாசலில் நின்ற பழைய ஜீப்பை வருடக்கணக்காகச் சரிசெய்து, கருத்தக்கண்ணனும் மகள் சத்யப்ரியாவும் ஓய்ந்துபோயிருந்தார்கள். பட்டறைக்குப் போன எஞ்சின் இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் ஆயுத பூசையன்று சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள் அவள்.

“எஞ்சினே இல்லாத வண்டி எப்படித் தாயி பழத்து மேல ஏறும்?”

“ஏறுறப்ப ஏறட்டும்ப்பா. வச்சு வைப்போம்.”

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நான்கு பழங்களும் நசுங்கிக் கிடந்தன. ஜீப் அதே இடத்தில்தான் நின்றது. டயர்களில் கண்மாய்ச் சேறு ஈரமாக ஒட்டியிருந்தது.

“இம்புட்டுப் பாடுபட்டும் நம்மள ஏத்தாமப் போயிட்டு வந்திருக்கு, பாரு,” என்றார் கருத்தக்கண்ணன் அலுப்போடு.

சத்யப்ரியா உள்ளே போய் வேறு நான்கு பழங்கள் கொண்டுவந்து வைத்தாள். பிறகு இருவரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.