சந்திரன் வழியாக மாப்பிள்ளை அழைப்பு

ராக்கெட் கிளம்பி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் கார் பிள்ளையார் கோவில் வாசலை விட்டுப் பத்தடிகூட நகரவில்லை.

ராக்கெட் என்பது பேண்டு செட்டு சுருளிவேலின் மின்சார கிட்டார். திண்டுக்கல் ரயில்வே காலனியைக் காலி செய்துகொண்டு போன ஒரு ஆங்கிலோ இந்திய கார்டிடம் வாங்கியது. பேட்டரியும் குழாய் ஸ்பீக்கரும் ஒரு தள்ளுவண்டியில் அதன் பின்னாலேயே வரும். மீட்டினால் ஒரு சத்தம் கேட்கும். அது சங்கீதமா ரிப்பேரா என்று திண்டுக்கல் தாலுகாவில் இன்னும் யாரும் தீர்த்துச் சொல்லவில்லை.

மனிதன் சந்திரனில் இறங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்காக மற்ற பேண்டு செட்டுக்காரர்கள் புது சினிமாப் பாட்டுகளைப் பழகினார்கள். சுருளிவேல் 'சந்திரப் பிரயாணம்' என்று ஒன்றைத் தானே கட்டினான். சிற்றலை ரேடியோவில் சீமைக்காரர்கள் பாட்டே இல்லாமல் நீட்டி நீட்டி வாசிப்பதைக் கேட்டு வந்த வினை.

முதலில் ராக்கெட் கிளம்பும். பூமி சிறுத்துக்கொண்டே போகும். பிறகு கனமே இல்லாத வெளி. அங்கே டிரம்முக்கு வேலை கிடையாது. கடைசியில்தான் இறங்குவது.

வேடசந்தூர்க் கல்யாணம் அந்தக் கனமில்லாத வெளியில் மாட்டிக்கொண்டது.

காலை எடுத்து வைக்கத் தாளம் வேண்டும். தாளம் இல்லாததால் தட்டு ஏந்தியவர்கள் தட்டோடு நின்றார்கள். கார் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தான். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்த மாப்பிள்ளை, கழுத்து மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன்னை யாரும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தோல் பறந்து வந்து தள்ளுவண்டியில் விழுந்தது. விண்வெளிப் பயணத்துக்கு வேடசந்தூர் செய்த முதல் மரியாதை.

பெண்ணின் தகப்பனார் ஆண்டிச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா, நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. ஏதாச்சும் ஒரு பாட்ட வாசிச்சு மாப்பிள்ளைய வீடு கொண்டுபோய்ச் சேக்கப் பாருப்பா."

சுருளிவேல் கண்ணைத் திறக்கவில்லை.

"பூமி இன்னும் கண்ணுக்குத் தெரியுதுங்கய்யா. செத்த நேரம்."

குடித்திருக்கிறான் என்றார்கள் சிலர். குடித்திருந்தால் இந்நேரம் ஒழுங்காக வாசித்திருப்பான் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

சத்தம் தெருக்கோடியில் இருந்த பெண் வீடு வரை போயிற்று. யாருக்கோ வலிப்பு வந்துவிட்டதோ என்று ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற பெண்கள் ஓடி வந்தார்கள். அடுப்படியில் இருந்தவர்கள் கரண்டியோடு வந்தார்கள். காலில் ஆணி என்று நாலு நாளாக எழுந்திருக்காத பெரியம்மா கருப்பாயிகூட வந்து, ஆள் தோளைப் பிடித்து எக்கி எக்கிப் பார்த்தாள். கலை ஊரை ஒன்றுசேர்க்கும் என்பது பொய்யில்லை.

சுருளிவேல் ஒரு சுரத்தை இழுத்தான். அது தேய்ந்து அடங்குவதற்குள் இன்னொன்றை இழுத்தான். விரல் நுனி எரிந்தது. காது மட்டும் வேறெங்கோ இருந்தது. பெரிய வித்வான்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்.

பெரிய டிரம்மைத் தோளில் மாட்டியிருந்த முகமது பாரூக், குச்சியை ஓங்கியபடியே, இறங்கலாமா என்று கண்ணால் கேட்டான். சுருளிவேல் தலையை ஆட்டி மறுத்தான். பாரூக் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அதே பதில்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பாய்ந்து வந்து கிட்டாரைப் பிடுங்கப் பார்த்தார். இழுபறியில் ஒரு கம்பி அறுந்தது. ஐந்து கம்பியில் அந்த வெளி இன்னும் வெறிச்சோடிப் போயிற்று.

நாற்பது நிமிடம் ஓடியது. கரூர் ரோட்டுப் பக்கம் மதுரை பஸ் வந்து நின்று கிளம்பிய இரைச்சலில், அவன் வாசித்தது சற்று நேரம் காதில் விழவில்லை. அதற்கே ஊர் மனதுக்குள் நன்றி சொன்னது.

இரைச்சல் தேய்ந்ததும் சுருளிவேல் கண்ணைத் திறந்தான். பாரூக்கைப் பார்த்துத் தலையசைத்தான்.

டிரம்மில் அடி விழுந்தது. கூட்டம் நடந்ததா ஓடியதா என்று சொல்ல முடியாது. சந்திரனில் கால் பட்டதற்கு அமெரிக்காவில்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். ஆரத்தி சுற்றினார்கள். உள்ளே போன கருப்பாயி, ஆணிக்காலை மறந்து ஓடி வந்து ஆண்டிச்சாமியின் காதில் ஏதோ சொன்னாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெண் சொர்ணலட்சுமி வீட்டில் இல்லை. அவளுடைய தகரப் பெட்டி இல்லை. மதுரையில் நர்ஸ் படிப்புக்கு வந்து சேரச் சொல்லி அவளுக்கு வந்திருந்த கடிதமும் இல்லை. ஆண்டிச்சாமி அதை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்து இருபது நாள் ஆகியிருந்தது.

கிணற்றடிக்கு நாலு பேர் ஓடினார்கள். கோவிலுக்கு நாலு பேர். பேண்டுக்காரனைத் திட்டுவதற்கு யாருக்கும் நேரமில்லை.

சுருளிவேலும் பாரூக்கும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் ஏறினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பாரூக் கேட்டான்.

"அண்ணே, ஒத்திகையில பதினோரு நிமிசந்தானே இருந்துச்சு?"

சுருளிவேல் எரிகிற விரல்களை ஊதிக்கொண்டான்.

"மத்தியானம் அந்தப் புள்ள நா படுத்திருந்த கொட்டிலுக்கு வந்து, ஆறரை பஸ்ஸுன்னுதான் சொன்னுச்சு. பஸ்ஸு ஏழு மணிக்கு வந்தா நா எப்பிடிடா எறங்குறது?"